தனிப்பயன் இணைய வானொலி

தனிப்பயன் இணைய வானொலி என்பது, கேட்பவர் ஒருவரின் விருப்பு வெறுப்புகளைக் கணித்து, அவருக்கென்றே அடுத்தடுத்த பாடல்களைத் தேர்ந்து, இணையத்தின் வழியே ஒலிக்கச் செய்யும் ஒரு சேவை ஆகும். வழமையான வானொலியில் ஒரே பாடலை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கின்றனர். தனிப்பயன் வானொலியிலோ ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நிலையம் அமைகின்றது. பாடல்களை ஒவ்வொன்றாகத் தேடி இயக்க வேண்டிய தேவை இல்லாததால், கையும் கண்ணும் வேலையில் ஈடுபட்டிருக்க, காது மட்டும் ஓய்வாக இருக்கும் தொழில்களில் உள்ளோருக்கு இது பொருத்தமானது. கணினி முன் அமர்ந்து பணியாற்றுவோர், தையற்காரர், ஓட்டுநர், நெசவாளர் முதலியோர் இவ்வகையினர். தமிழ்நாட்டின் பட்டு நெசவு ஊர்களுள் ஒன்றாகிய ஆரணியின் கைத்தறி இத்தகைய தொழிலுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

முன்பு கேட்டிராத இசையை அறிமுகப்படுத்துவதே இச்சேவையின் முதன்மை நோக்கமாகக் கூறப்படுகின்றது. எனினும், புதிய பாடலைத் தேர்ந்து தருவது வேறு, அப்பாடல் யாருடையது என்பதைக் கேட்பவர் அறிந்துகொள்வது வேறு. முன்னதை இச்சேவைகள் பெருமளவு நிறைவேற்றியுள்ளன. பின்னதில் பழைய வானொலி அறிவிப்பாளரின் இடத்தை அவை இன்னும் முழுமையாக நிரப்பவில்லை.

வரையறை

இசையைக் கேட்கும் முறைகளை, தேர்வு யாருடையது என்பதைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒலிபரப்பு: நிலையத்தார் தேர்ந்தெடுப்பர். நேயர் மடல் எழுதியோ தொலைபேசியில் அழைத்தோ விருப்பம் தெரிவிக்கலாம்.
வேண்டியபோது கேட்டல்: கேட்பவரே பாடலைத் தேடித் தேர்ந்தெடுப்பார். ஒலிநாடா, இறுவட்டு, இணையப் பாடற் களஞ்சியம் ஆகியன இவ்வகையின.
தனிப்பயன் வானொலி: கேட்பவர் ஒரு பாடலையோ பாடகரையோ "விதை"யாகக் கொடுப்பார். அதனைத் தொடர்ந்து வரும் பாடல்களை மென்பொருள் தேர்ந்தெடுக்கும்.

மூன்றாவது முறையில் கேட்பவரின் பங்கு பெரும்பாலும் இரண்டு செயல்களே: பாடல் பிடித்தால் "விருப்பம்" எனக் குறித்தல், பிடிக்காவிட்டால் தாண்டுதல். ஒரு பாடலை இறுதிவரை கேட்டாரா, இடையில் நிறுத்தினாரா, மீண்டும் கேட்டாரா என்பனவும் கணிப்புக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வேலையும் இசையும்

வேலை செய்யும்போது பாடுவதும் கேட்பதும் மிகப் பழைய வழக்கங்கள். ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, சுண்ணம் இடிப்போர் பாட்டு எனத் தமிழ் நாட்டார் பாடல்களில் தொழிற்பாடல்கள் ஒரு தனி வகையாகும். இவற்றில் பாடுவோரும் உழைப்போரும் ஒருவரே.

பாடுவோரும் கேட்போரும் வேறாகும் நிலை தொழிற்கூடங்களில் தோன்றியது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்கூடங்களில் 1865 முதல், தொழிலாளர் தம் செலவிலேயே ஒரு வாசிப்பாளரை அமர்த்தி நாளிதழ்களையும் புதினங்களையும் வாசிக்கச் செய்தனர். கேரளத்தின் பீடித் தொழிலாளரிடையேயும், ஒருவர் நாளிதழ் வாசிக்க ஏனையோர் பீடி சுற்றும் வழக்கம் இருந்தது. கைகள் ஓயாது இயங்க, காது வழியே புதியன அறிதல் என்பதே இவ்விரண்டிற்கும் பொது.

பிரித்தானியாவில் 1937ஆம் ஆண்டு வையாட், லாங்டன் என்போர் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் இசை சலிப்பைக் குறைக்கின்றது எனக் கண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 சூன் 23 அன்று, பி.பி.சி. "வேலை செய்கையில் இசை" என்ற பொருள்படும் நிகழ்ச்சியைத் தொழிற்சாலைகளுக்கென்றே தொடங்கியது. இது 1967 வரை நாள்தோறும் ஒலித்தது. வேலையைத் தடுக்கும் இசை இதில் விலக்கப்பட்டது. தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டத் தொடங்குவர் என்பதால் விலக்கப்பட்ட பாடலும் உண்டு. இங்கு தேர்வு, கேட்போரின் சுவையை அன்றி, உற்பத்தியைக் கருதியே செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இரைச்சல் மிகுந்த விசைத்தறிக் கூடங்களில் நிலைமை வேறு. இங்கிலாந்தின் இலங்காசயர் பருத்தி ஆலைகளில் பேச்சே கேளாத நிலையில், தொழிலாளர் உதட்டசைவைக் கொண்டே பேசிப் பழகினர். வேலையினூடே இசை கேட்டல் பெரும்பாலும் அமைதியான தொழில்களுக்கும் கைத்தறிக்குமே உரியதாயிற்று.

ஆரணியில் தறியும் வானொலியும்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதியின் கரையில் அமைந்த நகரம் ஆகும். நெல் அரவைக்கும் பட்டுச் சேலைக்கும் பெயர்பெற்றது. ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள்களுள் ஒன்று. நகரிலும் சுற்றியுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் வீட்டிலேயே தறி அமைத்து நெய்வோர் உள்ளனர்.

கைத்தறி நெசவு மூன்று உறுப்புகளை ஒருங்கே ஈடுபடுத்தும் தொழில். நெசவாளர் குழியில் கால்களை இறக்கி அமர்ந்து மிதிகளை மாறிமாறி மிதிப்பார். ஒரு கை நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓட்டும். மறு கை ஊடை இழையை அடித்து நெருக்கும். கண்கள் கரையின் வேலைப்பாட்டிலும் அறுந்துபோகக்கூடிய பாவு இழைகளிலும் இருக்கும். கூலி பெரும்பாலும் நெய்து முடித்த சேலைக்கே கணக்கிடப்படுவதால், பாடலை மாற்றுவதற்காக எழுந்து செல்வதும் கூலியில் ஓர் இழப்பே. எனவே தறியில் அமர்ந்திருப்பவருக்கு, தானே தேர்ந்து தானே தொடரும் இசைதான் ஏற்றது. வானொலிப்பெட்டி அப்படிப்பட்டதாக இருந்தமையால், கைத்தறி வீடுகளில் அது பரவலாக இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் இவ்வகைக் கேட்புக்குப் பெருவாய்ப்பு அளித்தது இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை ஆகும். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்தது. நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட், ராஜேஸ்வரி சண்முகம் முதலிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழகத்தில் வீட்டுக் குரல்களாயின. இழந்த நேயர்களை மீட்கும் பொருட்டு, 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலி விவித பாரதியைத் தொடங்கியது. சென்னையில் 1977இல் பண்பலை ஒலிபரப்புத் தொடங்கியபோதும், பண்பலை அலைகள் குறுகிய தொலைவே செல்லும் இயல்பின என்பதால், தொலைவிலுள்ள சிற்றூர்கள் நெடுங்காலம் மத்திய அலையையும் சிற்றலையையுமே நம்பியிருந்தன.

தறிக்கும் தனிப்பயன் வானொலிக்கும் இடையே வேறொரு தொடர்பும் உண்டு. சேலையின் கரை, முந்தானை வேலைப்பாடுகளுக்குப் பயன்படும் சக்கார்டு பொறி, எந்தப் பாவு இழை மேலெழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தீர்மானிக்கின்றது. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சில் உருவான இம்முறையே சார்லஸ் பாபேச்சு கணிப்பொறியை எண்ணிப் பார்த்தபோது முன்மாதிரியாக இருந்தது. தேர்வைப் பொறியிடம் ஒப்படைத்தல் என்னும் எண்ணம் நெசவுக்குப் புதிதன்று.

இயங்குமுறை

தனிப்பயன் வானொலிகள் இரு அடிப்படை முறைகளையும் அவற்றின் கலப்பையும் கையாள்கின்றன.

உள்ளடக்கப் பகுப்பாய்வு: பாடலின் தாளம், வேகம், குரல், இசைக்கருவிகள், மெட்டமைப்பு முதலிய இயல்புகள் குறிக்கப்பட்டு, ஒத்த இயல்புடைய பாடல்கள் அடுத்தடுத்து இடப்படும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய இசை மரபணுத் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. இதில் பயிற்சி பெற்ற இசையறிஞர் ஒவ்வொரு பாடலையும் கேட்டு 450 வரையிலான இயல்புகளுக்கு மதிப்பிடுவர். பின்னாளில் ஒலி அலைகளிலிருந்து இவ்வியல்புகளைக் கணினியே பிரித்தெடுக்கும் முறைகளும் வந்தன. யாரும் அறியாத ஒரு புதுப் பாடலையும் இம்முறையால் பரிந்துரைக்க இயலும் என்பது இதன் சிறப்பு.

கூட்டு வடிகட்டல்: பாடலின் இயல்பை ஆராயாது, கேட்போரின் பழக்கங்கள் ஒப்பிடப்படும். முதலாமவரும் இரண்டாமவரும் பல பாடல்களில் ஒத்த விருப்பினர் எனில், முதலாமவர் விரும்பி இரண்டாமவர் இன்னும் கேளாத பாடல் இரண்டாமவருக்குப் பரிந்துரைக்கப்படும். 1994இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் உருவான ரிங்கோ என்ற அமைப்பு, மின்னஞ்சல் வழியே இவ்வாறு இசையைப் பரிந்துரைத்தது. நண்பர் ஒருவர் "இதைக் கேட்டுப்பார்" என்று சொல்வதன் கணித வடிவம் என்று இதனைக் கூறலாம். எவரும் கேட்டிராத பாடலை இம்முறை பரிந்துரைக்காது என்பது இதன் குறை.

வரலாறு

1993இல் கார்ல் மலமுட் இணையத்தில் முதல் வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1995இல் ரியல்ஆடியோ மென்பொருள் வந்தபின், ஒலிக்கோப்பை முழுதும் பதிவிறக்காமலே கேட்கும் வசதி பரவியது. 1999இல் தொடங்கிய லாஞ்ச்காஸ்ட், நேயர் பாடல்களுக்கு இடும் மதிப்பெண்ணைக் கொண்டு தனித்தனி நிலையங்களை அமைத்தது. 2001இல் யாகூ நிறுவனம் இதனை வாங்கியது.

2002இல் இலண்டனில் லாஸ்ட்.எஃப்எம் தொடங்கியது. அதே காலத்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்டு சோன்சு, ஒருவர் கணினியில் கேட்கும் பாடல்களைப் பதிவுசெய்யும் ஆடியோசுகிராப்ளர் என்ற மென்பொருளை உருவாக்கினார். 2005இல் இரண்டும் இணைந்தன. அதே ஆண்டு இசை மரபணுத் திட்டத்தை அடிப்படையாகக் கொண்ட பண்டோரா வானொலி வெளிவந்தது. 2014இல் லாஸ்ட்.எஃப்எம் தன் வானொலிச் சேவையை நிறுத்திக்கொண்டது. எனினும், கேட்ட பாடல்களைப் பதிவுசெய்யும் சேவை தொடர்கின்றது. அதே ஆண்டு, இசைப் பகுப்பாய்வு நிறுவனமான எக்கோ நெசுட்டை ஸ்பாட்டிஃபை வாங்கியது. 2015 சூலை முதல், திங்கள்தோறும் ஒவ்வொருவருக்கும் 30 பாடல்கள் கொண்ட ஒரு தனிப்பட்டியலை அது வழங்கத் தொடங்கியது.

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் இச்சேவைகளின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானித்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைந்த உரிமத்தொகை செலுத்தும் இணைய வானொலி, மூன்று மணிநேரத்துக்குள் ஒரே கலைஞரின் பாடல்களை நான்குக்கு மேல் ஒலிபரப்ப இயலாது. விரும்பிய ஒரு கலைஞரையே தொடர்ந்து கேட்க முடியாமல் போன இக்கட்டுப்பாடு, அறியாத பிற கலைஞரைக் கேட்கும் வாய்ப்பை உண்டாக்கியது.

இந்தியாவில்

இந்தியக் கேட்போருக்குத் தொடக்ககாலச் சேவைகள் விரைவிலேயே மூடப்பட்டன. உரிமச் சிக்கல் காரணமாகப் பண்டோரா 2007 மே மாதத்தில் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளுக்கான சேவையை நிறுத்தியது. 2009இல் லாஸ்ட்.எஃப்எம், ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், செருமனி ஆகியவை தவிர்ந்த நாடுகளின் வானொலி நேயர்களிடம் மாதக் கட்டணம் கோரியது. மென்பொருள் அலுவலகங்களில் வேலையினூடே இவற்றைக் கேட்டுப் பழகிய தமிழ் இளைஞர்களுக்கு இது ஓர் இழப்பாயிற்று.

இதே காலத்தில் இந்திய இசைக்கான சேவைகள் தோன்றின. 2007இல் சாவனும் 2010இல் கானாவும் தொடங்கின. 2018இல் சாவன், சியோ மியூசிக்குடன் இணைந்து சியோசாவன் ஆயிற்று. 2019இல் ஸ்பாட்டிஃபையும் யூடியூப் மியூசிக்கும் இந்தியாவுக்கு வந்தன. 2014இல் தொடங்கிய விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டது. சேவை மூடப்படும்போது, பல ஆண்டுகளாக ஒருவர் கொடுத்த விருப்பக் குறிப்புகளும் பெரும்பாலும் அதனுடன் மறைகின்றன. புதிய சேவையில் அவர் மீண்டும் அறிமுகமற்றவராகவே தொடங்க வேண்டும்.

அலுவலகங்களுக்கு வெளியே இவ்வசதி பரவியமைக்குக் காரணம் கணினி அன்று, கைபேசியே. 2016 செப்டம்பரில் ரிலையன்சு சியோ சேவை தொடங்கியபின் இணையத் தரவின் விலை கடுமையாகக் குறைந்தது. நாள் முழுதும் பாடல் ஓடவிடுவது சிற்றூர்களுக்கும் கட்டுப்படியாகும் செலவாயிற்று.

தமிழ்ப் பாடல்களும் பரிந்துரையும்

மேற்கத்திய இசைக்கென அமைக்கப்பட்ட முறைகள் தமிழ்ப் பாடல்களைக் கையாளும்போது சில சிக்கல்கள் எழுகின்றன.

கலைஞர் யார்: மேற்கில் பாடலின் உரிமையாளர் பெரும்பாலும் பாடுபவரே. தமிழ்த் திரையிசையிலோ மக்கள் "இளையராசா பாட்டு", "எம்.எஸ்.வி. பாட்டு" என இசையமைப்பாளரை முன்னிட்டே பேசுகின்றனர். பாடகரை மட்டும் கலைஞராகக் கொள்ளும் மென்பொருள், பல மொழிகளில் பல இசையமைப்பாளர்களிடம் பாடிய எஸ். பி. பாலசுப்பிரமணியத்தை விதையாகக் கொடுத்தால், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பாடல்களை அடுக்கக்கூடும்.

பெயரின் எழுத்துக்கூட்டல்: பாடல் விபரங்கள் பெரும்பாலும் உரோம எழுத்தில் பதியப்படுகின்றன. ஒரே பெயர் பலவாறு எழுதப்படுவதால், ஒரே கலைஞர் பலராகப் பிரிந்து நிற்பதும் உண்டு.

மொழிமாற்றுப் பாடல்கள்: "ரோசா" (1992) போன்ற படங்களின் பாடல்கள் தமிழிலும் இந்தியிலும் ஒரே மெட்டில் உள்ளன. ஒலியை மட்டும் ஒப்பிடும் முறைக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

இராகம்: ஒரே இராகத்தில் அமைந்த கீர்த்தனையும் திரைப்பாடலும் தமிழ்க் காதுக்கு உறவுடையவை. கருவிகளையும் வேகத்தையும் ஒப்பிடும் முறை இவ்வுறவைக் காண்பதில்லை. பார்செலோனாவின் பொம்பேயு பப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை நடைபெற்ற காம்ப்மியூசிக் திட்டம், கருநாடக இசை உள்ளிட்ட ஐந்து இசை மரபுகளை அவற்றின் இலக்கணப்படியே கணினியால் பகுத்தாராய முயன்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் இதில் பங்குபெற்றனர்.

பெயர் அறிதல்

புதிய இசையைக் கண்டறிதல் என்பது, நல்ல பாடல் ஒன்று காதில் விழுவதுடன் முடிவதில்லை. அதன் பெயரை அறிந்தால்தான் மீண்டும் கேட்கவும், பிறரிடம் சொல்லவும், அதே கலைஞரின் பிற ஆக்கங்களைத் தேடவும் முடியும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடகர், இயற்றியவர், இசையமைத்தவர் ஆகிய விபரங்களைச் சொல்லியே பாடல்களை ஒலிபரப்பினர். பள்ளிக்கல்வி குறைந்தவர்களும் கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களைத் துல்லியமாகச் சொல்லக் கூடியவர்களாக இருந்தமைக்கு இவ்வழக்கம் முக்கிய காரணமாகும்.

தனிப்பயன் வானொலி இவ்விபரங்களைத் திரையில் எழுத்தாகக் காட்டுகின்றது, அதுவும் பெரும்பாலும் உரோம எழுத்தில். கணினி முன் இருப்பவருக்கு இது போதும். பாவின் மீது கண் வைத்திருக்கும் நெசவாளருக்கோ, வண்டி ஓட்டுபவருக்கோ இது பயன்படாது. பல நாள் கேட்டுப் பழகிய பாடலின் பெயரை அறியாதிருத்தல் இவ்வகைக் கேட்பில் இயல்பாகிவிடுகின்றது. குரலால் கட்டுப்படுத்தும் ஒலிபெருக்கிகள், கேட்டால் பெயரைச் சொல்கின்றன. 2023இல் ஸ்பாட்டிஃபை, செயற்கைக் குரலில் பாடலை அறிமுகப்படுத்தும் வசதியை முதலில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. கைவிடப்பட்ட அறிவிப்பாளரின் தேவை மீண்டும் உணரப்பட்டமையை இது காட்டுகின்றது.

விமர்சனங்கள்

வட்டம் குறுகுதல்: விரும்பியதை ஒத்ததையே தொடர்ந்து தருவதால், கேட்பவரின் சுவை விரிவதற்கு மாறாகச் சுருங்கலாம். வேலையில் இருப்பவர் பாடலைத் தாண்டாமைக்குக் காரணம் விருப்பமாக இன்றி, கை ஓயாமையாகவும் இருக்கலாம். மென்பொருள் அதனை விருப்பமாகவே கொள்ளும்.

தனிப்பயன் என்ற கருதுகோள்: ஒரு கைபேசியை ஒருவரே கேட்கிறார் என இச்சேவைகள் கொள்கின்றன. தறி வீட்டில் நெய்பவர், நூல் சுற்றுபவர், முதியோர், சிறுவர் எனப் பலர் ஒரே ஒலியைக் கேட்கின்றனர். பக்திப்பாடல், பழைய திரைப்பாடல், புதிய துள்ளிசை ஆகியன ஒரே கணக்கில் கலந்துவிடுகின்றன. வேளைக்கு ஒரு நிலையமோ, ஆளுக்கு ஒரு கணக்கோ அமைத்துக்கொள்ளல் இதற்கு ஓரளவு தீர்வாகும்.

பெரும்பான்மைச் சாய்வு: கூட்டு வடிகட்டல் ஏற்கனவே பலர் கேட்ட பாடல்களுக்கே மேலும் இடமளிக்கும். நாட்டார் இசை, தனியிசை, சிறு நிறுவனப் பதிவுகள் பின்தள்ளப்படுகின்றன.

தனியுரிமை: எந்நேரத்தில் எதைக் கேட்டார் என்ற பதிவு, ஒருவரின் வேலை நேரம், மனநிலை, சமயம் ஆகியவற்றை ஊகிக்க இடமளிக்கின்றது.

செவிநலம்: சுற்றுப்புற இரைச்சலை மீறிக் கேட்பதற்காக இயர்போனின் ஒலியைக் கூட்டுதல் செவிக்குக் கேடு. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணிநேரம் என்பதே உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட செந்தரத்தின் வரம்பு ஆகும். நாள் முழுதும் தறியில் அமர்வோர் இவ்வரம்பை எளிதில் எட்டிவிடக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

ஆரணி
கைத்தறி
இலங்கை வானொலி
விவித பாரதி
தொழிற்பாடல்கள்
கூட்டு வடிகட்டல்